மழை வந்தால் டிஷ்ஷில் படம் போகிறதா? கூரை ஏறும் முன் தொடங்கி முழுமையான வழிகாட்டி

வைகாசி பிறந்து முதல் மழை இறங்கியதும் பர்மாவின் மோல்மீனில் என் போன் ஓயாது. “அண்ணே, மழை வந்தா டிவி போயிடுது” என்பதுதான் எல்லாருடைய புகாரும். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் மழைமேல் குற்றமே இருக்காது. மாசி மாதம், வானம் துடைத்துவிட்டது போல இருந்தபோது யாரோ அரைகுறையாகத் திருப்பி வைத்த டிஷ். வெயிலில் படம் வந்ததும் இறங்கிப் போய்விட்டார்கள்.

மழை சிக்னலை எவ்வளவு குறைக்கும் என்பதை நம்மால் மாற்ற முடியாது. மழை தொடங்கும்போது சிக்னலில் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்பதை மாற்றலாம். கீழே உள்ள வரிசை அந்தக் கையிருப்பைச் சேர்ப்பதற்கானது. பங்குனியிலேயே வேலையை முடித்துவிடுங்கள். பர்மியப் புத்தாண்டு நீர்த்திருவிழாவான திஞ்சானும் நம் சித்திரைப் புத்தாண்டும் ஒட்டி வந்து போகும். அந்த வாரம் ஏணி பிடிக்க ஆள் கிடைக்காது, அடுத்த மாதம் மழை பிடித்துக்கொள்ளும்.

1. மழை என்ன செய்கிறது, எவ்வளவு செய்கிறது

பெரிய டிஷ்கள் பயன்படுத்தும் சி பேண்ட் என்ற அலைவரிசைத் தொகுதியில் அலையின் நீளம் சுமார் ஏழரை செ.மீ. சிறிய டிஷ்கள் பயன்படுத்தும் கே.யு. பேண்டில் இரண்டரை செ.மீ. பெரிய மழைத்துளி ஐந்தாறு மி.மீ. வரும். அலை குறுகக் குறுகத் துளிகள் அதை அதிகம் உறிஞ்சும், சிதறடிக்கும்.

மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டும் மழையில், 4 கிகாஹெர்ட்ஸ் சி பேண்ட் ஒரு கி.மீ.க்கு 0.1 முதல் 0.2 டெசிபெல் வரைதான் இழக்கும். 12 கிகாஹெர்ட்ஸ் கே.யு. பேண்ட் 4 முதல் 5.5 டெசிபெல் வரை இழக்கும். 20 கிகாஹெர்ட்ஸ் கே.ஏ. பேண்ட் 9 முதல் 12 வரை. மூன்று டெசிபெல் போனால் சிக்னல் பாதி, பத்து போனால் பத்தில் ஒரு பங்கு.

நம் பக்கத்தில் மழை மேகத்துக்குள் நீர்த்துளியாக இருக்கும் உயரம் ஏறத்தாழ 5 கி.மீ. டிஷ் 45 பாகை மேல்நோக்கிப் பார்த்தால், அலை மழைக்குள் சாய்வாக 7 கி.மீ. வரை வரவேண்டும். கடும் மழை அந்தத் தூரம் முழுவதும் ஒரே மாதிரி பெய்யாது. கொட்டும் பகுதி சில கி.மீ. அகலம்தான் இருக்கும். மூன்று கி.மீ. என்றே வைத்தாலும் கே.யு. பேண்டில் 13 டெசிபெல்லுக்கு மேல் போய்விடும்.

இன்னொரு அடியும் உண்டு, புதியவர்கள் கணக்கில் எடுக்காதது. தெளிந்த வானம் டிஷ்ஷுக்குக் குளிர்ச்சியானது, அதிலிருந்து வரும் இரைச்சல், அதாவது சிக்னலைக் குழப்பும் வேண்டாத அலை, குறைவு. மழை நிறைந்த வானம் வெதுவெதுப்பான சுவர் மாதிரி, தானே இரைச்சலை அனுப்பும். சிக்னல் இறங்கும் நேரத்திலேயே இரைச்சல் ஏறும். மழை 3 டெசிபெல் குறைத்தால், ரிசீவர் உண்மையில் உணரும் இழப்பு 6 டெசிபெல்லுக்கு மேல் போகலாம்.

மோல்மீனில் ஆண்டுக்கு 4,500 மி.மீ.க்கு மேல் மழை. ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் தலா ஆயிரத்தைத் தாண்டும். மாந்தலேயில் ஆண்டு முழுவதற்கும் ஆயிரம்கூட இல்லை. ஆனாலும் மாந்தலேக்காரர் டிஷ்ஷும் மே மாத இடிமழையில் விழும். மொத்த மழை எவ்வளவு என்பதைவிட எந்த வேகத்தில் கொட்டுகிறது என்பதுதான் கணக்கு. நாள் முழுக்க நசநசவென்று பெய்யும் தூறல், மணிக்கு 5 மி.மீ. என்றால், கே.யு. பேண்டில் பாதை முழுவதற்கும் ஒரு டெசிபெல் சுமார்தான். இரைச்சலைச் சேர்த்தாலும் மூன்றைத் தாண்டாது.

இதிலிருந்து இரண்டு விதி வைத்துக்கொள்ளுங்கள். தூறலுக்கே படம் போகிறதென்றால் கே.யு. டிஷ்ஷில் கையிருப்பு இல்லை. சி பேண்ட் பெரிய டிஷ்ஷில் மழைக்குப் படம் போகிறதென்றால் மழையைக் குறை சொல்லாதீர்கள். கேபிளில் தண்ணீர், ஆடும் கம்பம், இப்படி வேறு ஏதோ இருக்கிறது.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

திசைகாட்டி, கோணம் பார்க்கும் கருவி (போனில் உள்ளதே போதும்), தூக்குக்குண்டு அல்லது மட்டப்பலகை, சரியான அளவு ஸ்பானர், கேபிள் நுனியில் மாட்டும் புது எஃப் கனெக்டர் நாலு, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், மார்க்கர், 40 செ.மீ. மூங்கில் குச்சி ஒன்று, நேரான ஓரம் உள்ள கெட்டிப்பால் டின் ஒன்று. கடைசி இரண்டும் எதற்கென்று பிறகு சொல்கிறேன். டெசிபெல் காட்டும் மீட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

கூரைக்கு வெயில் நாளில்தான் ஏற வேண்டும். நனைந்த தகரம் வழுக்கும். இடி கேட்டால் ரிசீவருக்குப் பின்னாலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். மழையில் ஏறி டிஷ்ஷைத் திருப்புகிறவர் இரண்டு தவறு செய்கிறார்: உயிரைப் பணயம் வைக்கிறார்; மழையால் கெட்டுப்போன சிக்னலை வைத்துத் திசை தேடுகிறார். மழை விட்டதும் அது தப்பான இடமாக இருக்கும்.

3. எதையும் தொடும் முன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

ரிசீவரில் இரண்டு பட்டை இருக்கும், ஸ்ட்ரெங்த் ஒன்று, குவாலிட்டி ஒன்று. ஸ்ட்ரெங்த் என்பது கேபிளில் எவ்வளவு வருகிறது என்பது மட்டும். இரைச்சலும் அதில் சேர்ந்துதான் வரும். டிஷ் தென்னை மரத்தைப் பார்த்தாலும் ஸ்ட்ரெங்த் 70 காட்டும். சிக்னல் இரைச்சலுக்கு மேல் எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பதைக் காட்டுவது குவாலிட்டி. அதை மட்டும் பாருங்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஸ்ட்ரெங்தை நம்பி ஒரே தெருவில் எட்டு வீட்டுக்கு டிஷ் வைத்தேன். தை மாதம் எல்லாரும் டீ போட்டுக் கொடுத்தார்கள். ஆனியில் அதே எட்டு வீடும் என்னைத் தேடியது.

வெயில் நாளில் நாலைந்து சேனலின் குவாலிட்டியை ஒரு நோட்டில் எழுதுங்கள். அலைவரிசை குறைந்தது ஒன்று, கூடியது ஒன்று, செங்குத்து முனைவாக்கம் (அலை மேலும் கீழுமாக அதிர்வது) ஒன்று, கிடைமட்டம் (பக்கவாட்டில் அதிர்வது) ஒன்று என்று பிரித்து எடுங்கள். பின்னால் எது பழுது என்று காட்டிக்கொடுப்பது இந்தப் பிரிவுதான். ஒரு ரிசீவரின் சதவீதத்தை இன்னொரு ரிசீவரோடு ஒப்பிடாதீர்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு.

4. திசைக்கு முன் கேபிள்

எல்லாரும் முதலில் திருப்பத்தான் ஓடுகிறார்கள். கேபிள் பழுதாக இருந்தால் எவ்வளவு சரியாகத் திருப்பினாலும் எண் பொய் சொல்லும். ஆகவே கேபிள் முதலில்.

டிஷ் குவிக்கும் அலையை வாங்கிக் கேபிளில் அனுப்பும் சிறு பெட்டிதான் எல்.என்.பி. அதன் பக்கத்துக் கனெக்டரைக் கழற்றுங்கள். நடுக்கம்பி செம்பு நிறமாகப் பளபளக்க வேண்டும். பச்சையோ கறுப்போ பூத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வெளிவலை வழியாகத் தண்ணீர் மீட்டர் கணக்கில் உள்ளே ஏறும். நுனியை மட்டும் வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டால் ஒரு வாரம் ஓடும், அப்புறம் பழைய கதைதான். வெட்டிய இடத்திலும் வலை கறுத்திருந்தால் முழுக் கேபிளையும் மாற்றுங்கள்.

தண்ணீர் குடித்த கேபிளுக்கு இரண்டு அடையாளம். கூடிய அலைவரிசைச் சேனல்கள் முதலில் போகும், குறைந்தவை நிற்கும். மற்றொன்று முனைவாக்கத்தில் தெரியும். ரிசீவர் 13 வோல்ட் கொடுத்தால் எல்.என்.பி. செங்குத்துக்கு மாறும், 18 கொடுத்தால் கிடைமட்டத்துக்கு. துருவேறிய இணைப்பில் மின்னழுத்தம் குறைந்தால் 18 போய்ச் சேராது. கிடைமட்டச் சேனல்கள் மட்டும் மொத்தமாகக் காணாமல் போகும். மழையின் இழப்பு இப்படி ஒரு பக்கத்தை மட்டும் அடியோடு துடைத்துப் போடாது.

கனெக்டருக்கு மேல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள், கீழிருந்து மேலாக. ஓட்டுக்கூரை மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் படிய வேண்டும். சாதாரணக் கறுப்பு டேப் மட்டும் போட்டால் ஒரு கோடையில் பசை உருகி, அடுத்த மழையில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பையாகிவிடும். எல்.என்.பி.க்குப் பாலிதீன் பை கட்டுவதும் அப்படித்தான். இங்கே வீட்டுக்கு வீடு பார்க்கலாம். பைக்குள் ஆவி படிந்து சொட்டும், முகப்பில் நீர்ப்படலம் நிற்கும், பல்லியும் குடியேறும். பையை அவிழ்த்து எறியுங்கள்.

கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் அதைத் தொட்டில் போலக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். வழிந்து வரும் நீர் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

எல்.என்.பி.யின் முகப்பு மூடியில் விரிசல் இருக்கிறதா, குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

5. கம்பம் செங்குத்தாக நிற்கட்டும்

தூக்குக்குண்டை இரண்டு பக்கம் பிடித்துப் பாருங்கள். கம்பம் இரண்டு பாகை சாய்ந்தாலும் டிஷ்ஷில் அச்சிட்ட கோண அளவுகோல் தப்பாகிவிடும், பக்கவாட்டில் திருப்பும்போது உயரமும் சேர்ந்து மாறும். தகரக் கூரையில் நட்ட கம்பம் காற்றில் அதிரும். சுவர் அல்லது தரையில் கான்கிரீட் நல்லது.

6. திசை: பக்கம், உயரம், சுழற்சி

இந்த வரிசையை மாற்றாதீர்கள். எடுத்துக்காட்டாகக் கிழக்குத் தீர்க்கரேகை 62 பாகையில் நிற்கும் இன்டெல்சாட் 39 செயற்கைக்கோளை எடுப்போம். 2019 ஆகஸ்டில் ஏவப்பட்டது, மியான்மார்சாட் 2 என்ற பகுதி இதில்தான் இருக்கிறது. மோல்மீனிலிருந்து வடக்கிலிருந்து வலமாக 248 பாகை, உயரம் 45. ரங்கூனிலிருந்து 247, உயரம் 46. அதாவது மேற்கும் தென்மேற்கும் நடுவே. திசைகாட்டி இங்கே உண்மை வடக்கிலிருந்து ஒரு பாகைகூட விலகாது. ஆனால் கம்பத்துக்கும் தகரத்துக்கும் பக்கத்தில் வைத்தால் இருபது பாகைகூடத் தப்பும், பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

நம் வீடுகளில் உள்ள சிறிய டிஷ் நடுவில் எல்.என்.பி. இல்லாத வகை. அது பார்க்கும் திசை அதன் முகத்தைவிட இருபது பாகைக்குமேல் உயரமாக இருக்கும். 45 பாகைக்கு வைத்தால் டிஷ் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதுபோலத் தெரியும். புதியவர் அதைப் பார்த்து “இது வயலைப் பார்க்கிறதே” என்று முகத்தை மேலே தூக்குவார், சிக்னல் போய்விடும். பின்பக்க அளவுகோலை நம்புங்கள்.

கிட்டத்தட்ட சிக்னல் வந்தபின்தான் நுணுக்கமான வேலை. டிஜிட்டல் படம் வந்தால் முழுசாக வரும், போனால் ஒரு டெசிபெல்லுக்குள் சுத்தமாகப் போகும். அதனால் படம் வருகிறது என்பது உச்சியில் இருக்கிறோம் என்பதற்குச் சாட்சி ஆகாது. உச்சி தட்டையாக இருக்கும், இரண்டு விளிம்பையும் தேடி நடுவைப் பிடிக்க வேண்டும். மூங்கில் குச்சி இதற்குத்தான்.

குச்சியை டிஷ்ஷின் பின்தாங்கியில் கிடையாகக் கட்டுங்கள், நுனி கம்பத்தின் நடுவிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கட்டும். நுனிக்குக் கீழே அசையாத பலகை ஒன்றை வையுங்கள். டிஷ்ஷை இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள், ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று எண்ணும்வரை நில்லுங்கள். ரிசீவர் தாமதமாகத்தான் சொல்லும். படம் அறுந்த இடத்தில் பலகையில் கோடு. வலப்பக்கமும் அப்படியே. இரண்டு கோட்டுக்கும் நடுவே நுனியை நிறுத்தினால் அதுதான் சரியான திசை.

அந்தக் கோடுகளே கையிருப்பையும் சொல்லும். 40 செ.மீ. நீளத்தில், 45 பாகை உயரத்துக்கு, நுனி ஒரு செ.மீ. நகர்ந்தால் டிஷ் வானத்தில் ஒரு பாகை நகர்கிறது. உயரம் 60 பாகை என்றால் 29 செ.மீ. குச்சி வேண்டும், டிஷ் மேலே பார்க்கப் பார்க்கக் கம்பத்தைச் சுற்றிய திருப்பம் வானத்தில் சிறுத்துவிடும். 90 செ.மீ. கே.யு. டிஷ்ஷில் நடுவிலிருந்து ஒரு செ.மீ.யில் படம் போனால் கையிருப்பு ஏறத்தாழ 3 டெசிபெல், ஒன்றரை செ.மீ. தாங்கினால் ஏறத்தாழ 7. 60 செ.மீ. டிஷ்ஷுக்கு அதே 3 டெசிபெல் ஒன்றரை செ.மீ.யிலும், 7 டெசிபெல் 2.2 செ.மீ.யிலும் வரும். இந்த எண்ணை நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.

உயரத்துக்கும் இதேபோல் இரண்டு விளிம்பு பார்த்து நடுவில் நிறுத்துங்கள். கடைசியில் எல்.என்.பி.யைத் தன் அச்சில் சுழற்றிக் குவாலிட்டி கூடும் இடத்தில் இறுக்குங்கள். பலர் இதை விட்டுவிடுவார்கள், ஓசியில் கிடைக்கும் ஒன்றிரண்டு டெசிபெல் போய்விடும். போல்ட்டை இறுக்கும்போது டிஷ் நகரும், ஒரு பக்கம் முழுதாக முறுக்காமல் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கியபின் எண்ணை மறுபடி பாருங்கள்.

டிஷ் பார்க்கும் வழியில் தென்னை, மா எதுவும் இருக்கக் கூடாது. பங்குனியில் கையளவு தள்ளி இருக்கும் ஓலை ஆடியில் உள்ளே நீண்டிருக்கும், நனைந்த இலை காய்ந்த இலையைவிட அதிகம் மறைக்கும்.

7. டிஷ்ஷைப் பெரிதாக்கலாமா

விட்டம் இருமடங்கானால் 6 டெசிபெல் கூடும். 60ஐ 90 ஆக்கினால் 3.5, 90ஐ 120 ஆக்கினால் 2.5. மேலே சொன்ன 7 டெசிபெல் கையிருப்பு மணிக்கு 25 மி.மீ. மழையைச் சுமாராகத் தாங்கும். 100 மி.மீ. கொட்டினால் எந்த வீட்டுக் கே.யு. டிஷ்ஷும் தாங்காது. “மழைக்கு அசையாத டிஷ்” என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

பெரிய டிஷ் கற்றையைக் குறுக்கும். 120 செ.மீ. டிஷ்ஷில் அரை பாகைப் பிழை ஒன்றரை டெசிபெல்லைத் தின்னும், ஒரு பாகை போனால் ஐந்துக்கு மேல். ஆடும் கம்பத்தில் பெரிய டிஷ் வைப்பதைவிட உறுதியான கம்பத்தில் 90 மேல்.

8. மழையில் சோதனை: கூரைக்கு வெளியே, வீட்டுக்குள்ளே

கெட்டிப்பால் டின்னை மேல் மூடி முழுதாக வெட்டி, தாழ்வாரச் சொட்டு விழாத வெட்டவெளியில் வையுங்கள். மழை வலுத்ததும் பத்து நிமிடம் விட்டு, உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்து ஆறால் பெருக்குங்கள். மணிக்கு எத்தனை மி.மீ. என்பது வந்துவிடும். டின்னின் அகலம் பற்றிக் கவலை வேண்டாம், ஓரம் நேராக இருந்தால் சரி. அதே நேரத்துக் குவாலிட்டியையும் பக்கத்தில் எழுதுங்கள். ஐந்தாறு மழைக்கு எழுதினால் எந்த வேகத்தில் உங்கள் டிஷ் விழுகிறது என்று தெரியும். பத்துப் பதினைந்து மி.மீ.யிலேயே விழுந்தால் நாலாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

இந்த நோட்டில் ஒரு விசித்திரம் கண்ணில் படும். டின்னில் ஒரு சொட்டுகூட விழாதபோது படம் போயிருக்கும். டிஷ் 45 பாகை மேலே பார்ப்பதால் அலை மழைக்குள் நுழையும் இடம் நம் வீட்டிலிருந்து 5 கி.மீ. தள்ளி இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை வருவதும் ஏறத்தாழ அதே பக்கத்திலிருந்து. ஆற்றங்கரையோரத்தில் ஒரு பாட்டி வீட்டுக்கு டிஷ் வைத்தபோது அவர் சொன்னார்: “தம்பி, பிலுஜூன் தீவு மறைஞ்சா நான் டிவிய அணைச்சிடுவேன். துணிய எடுக்கணும்.” சால்வீன் முகத்துக்கு அப்பால் தீவின் கரை வெள்ளையாகக் கரைந்தது. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எண் இறங்க ஆரம்பித்தது. கூரையில் முதல் துளி விழுந்தபோது கொடியில் துணி இல்லை.

அதனால் மழை வருமுன் படம் போவதைப் பழுது என்று எழுதாதீர்கள். மழை விட்டு அரைமணி ஆகியும் திரும்பாவிட்டால் அதுதான் பழுது, பெரும்பாலும் கனெக்டரில் தண்ணீர்.

9. மழைமேல் போடக் கூடாத பழி

மார்ச் நடுவிலும், செப்டம்பர் கடைசி தொடங்கி அக்டோபர் முதல் சில நாளிலும், பிற்பகல் இரண்டரை மூன்று மணி வாக்கில், நல்ல வெயிலில் சில நிமிடம் படம் போகும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து தன் இரைச்சலைக் கொட்டுகிறது. நாலைந்து நாள் நடக்கும், தானே போகும். அந்த நேரம் டிஷ்ஷைத் தொட்டீர்களானால் நல்ல திசையைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

10. இணைய டிஷ் வைத்திருப்பவர்கள்

வரிசை இதேதான், இரண்டு மாற்றம் மட்டும். உங்கள் டிஷ் அனுப்பவும் செய்கிறது. கே.யு. பேண்டில் அனுப்புவது 14 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அதே 100 மி.மீ. மழையில் கி.மீ.க்கு 7 டெசிபெல் வரை போகும். ஆகவே பதிவிறக்கம் ஓரளவு இருக்கும்போதே பதிவேற்றம் திணறும். புதிய மோடம்கள் மழையில் வேகத்தைத் தாமாகக் குறைத்து இணைப்பைத் தக்கவைக்கும். வேகம் குறைந்ததும் மோடத்தை அணைத்துப் போட்டால், பிடித்து வைத்திருந்த இணைப்பும் போய், மழை விடும்வரை திரும்பாது. அனுப்பிக்கொண்டிருக்கும்போது எல்.என்.பி.க்கு முன்னால் கையோ தலையோ நீட்டாதீர்கள்.

11. ஐப்பசியில் ஒரு முறை

அக்டோபர் கடைசியில் மழை விட்டதும் அதே குச்சி, அதே பலகை, அதே சேனல். நடுவிடம் பங்குனிக் கோட்டிலிருந்து நகர்ந்திருந்தால் காற்று போல்ட்டைத் தளர்த்தியிருக்கிறது. நடு மாறாமல் இரண்டு கோடும் உள்ளே நெருங்கியிருந்தால் கேபிளையோ எல்.என்.பி.யையோ தண்ணீர் தின்றிருக்கிறது. நோட்டில் பங்குனி எண்ணுக்கு நேரே இதையும் எழுதிவிட்டு, துருப்பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு இறங்குங்கள்.